காத்திருந்த பத்துப் பேர்

"நாலு மணிக்கு இந்தப் புகார்க் கடிதம் ஒழுங்குக் குழுவுக்குப் போகுது, நெரிடா. அப்புறம் ஹேமிஷ் இங்க படிக்க முடியாது," என்றாள் ஆராய்ச்சி மாணவி டெஸ்ஸா. கண்கள் சிவந்திருந்தன.

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில், மருத்துவ உளவியல் துறையின் சோதனைத்தாள் அலமாரிக்கு இருபது வருடமாகச் சாவி வைத்திருப்பவள் நெரிடா. பேராசிரியர்கள் தொலைத்ததையெல்லாம் அவள்தான் கண்டுபிடித்துக் கொடுப்பாள். புள்ளியியல் ஆசிரியர் பிராம் வால் மாதிரி அவள் பின்னாலேயே வருவார்.

விஷயம் இதுதான். மனைவியை இழந்த பத்து முதியவர்களுக்கு டெஸ்ஸா சிகிச்சையும் கையேடும் கொடுத்தாள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அவர்களைப் போன்ற வேறு பத்துப் பேருக்கு ஒன்றும் கிடையாது. செவ்வாய்தோறும் வந்து படிவம் நிரப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் சும்மா இருந்தவர்களும் தேறிவிட்டார்கள். படிவங்களை அறையில் வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து எடுத்து வருபவன் அவள் நண்பன் ஹேமிஷ்.

"அவன்தான் அவங்களுக்கும் கையேட்டக் கொடுத்து ஆராய்ச்சியக் கெடுத்திருக்கான். துறையோட ஆராய்ச்சிப் பரிசு மேல அவனுக்கும் ஒரு கண்ணு," என்று குதித்தார் பிராம்.

"ஆள அப்புறம் பிடிக்கலாம்," என்றாள் நெரிடா. "தாளக் காட்டு. உன் கையேடு முக்கியமா எதுக்கு, டெஸ்ஸா?"

"தூக்கத்துக்கு. மூச்சுப் பயிற்சி."

"காத்திருந்தவங்க தூக்கம் எப்படி?"

டெஸ்ஸா புரட்டினாள். "அப்படியேதான் இருக்கு."

"கையேடு போயிருந்தா முதல்ல அதுதானே மாறியிருக்கணும்? எது மாறிச்சு?"

தனிமை குறைந்திருந்தது. 'வீட்டில் சமைத்தேன்' என்ற வரியில் இரண்டாம் வாரம் இரண்டு பேர், மூன்றாம் வாரம் நான்கு, ஆறாம் வாரம் பத்துப் பேரும்.

"ஒருத்தரப் பார்த்து ஒருத்தர் ஆரம்பிச்ச மாதிரி," என்றாள் நெரிடா. "ஓரத்துல மஞ்சளா விரல் ரேகை. முகர்ந்து பாருங்க, பிராம்."

"கறிப்பொடி! ஸ்காலப் பை. மாவுக்குள்ள சிப்பிக்கறி வெச்சுச் சுட்டது நம்ம மூக்குக்குத் தப்புமா?"

அன்றும் செவ்வாய்தான். காத்திருப்பு அறைக் கதவை நெரிடா திறந்ததும், பத்துக் கிழவர்களும் தட்டுகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள்.

"முதல் நாளு நான் அழுதுட்டேன்மா," என்றார் மூத்தவர் ஆல்பி. "அவ போனதுலேர்ந்து சூடா எதுவும் சாப்பிடலன்னேன். அடுத்த வாரம் இவனுங்க ரெண்டு பேர் சுட்டு எடுத்துட்டு வந்தானுங்க, அடியெல்லாம் கருகி."

"அதையும் தின்னியே," என்றார் பக்கத்திலிருந்தவர்.

"ஏன் எழுதல?" என்றாள் டெஸ்ஸா.

"படிவத்துல கேக்கலியே, கண்ணு."

டெஸ்ஸா அழுதேவிட்டாள். "என் ஆராய்ச்சி போச்சு."

"நடந்தத நடந்தபடி எழுது. பரிசு கிடைக்காம போகலாம், பொய்யாகாது," என்றாள் நெரிடா. "அவங்களோட பேசக் கூடாதுங்கற ஆராய்ச்சி விதிய மதிச்சு ஹேமிஷ் தாள வெச்சுட்டு வெளிய போயிருக்கான். ஒரு நாள் நின்னிருந்தாலும் இந்த வாசனை அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

ஹேமிஷ் தன் மேசையில் இருந்தான். டெஸ்ஸா கடிதத்தை அவனிடமே கொடுத்தாள். படித்துவிட்டு மடித்தான்.

"மூணு வாரமா நீ பேசல. ஏன்னு தெரியாமதான் தவிச்சேன்."

"உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எழுதிட்டேன். தப்பு என் மேலதான். இப்பக் கேக்கறேன், ஹேமிஷ். எப்படி இருக்க?"

"நல்லா இல்ல," என்றான் அவன்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சொல்லு."