சிதறால் மலையில் ஒரு பொய்

"தொடாதீங்க!"

பாறையில் செதுக்கியிருந்த தீர்த்தங்கரரை நோக்கி நீண்ட லீமாவின் விரல் அப்படியே நின்றது. திரும்பினாள். மழை சொட்டும் முடி... கோபமா சிரிப்பா என்று பிடிபடாத கண்கள்...

"ஆயிரம் வருஷமா இருக்கு. நான் தொட்டா கரைஞ்சிருமா?"

"வாறவங்க எல்லாரும் இதைத்தான் கேக்காவ!"

அவன் ஜெனின், புதுக்கடை ஊர்க்காரன். சிதறால் மலையடிவாரத்தில் கூடாரம் போட்டுத் தங்க வந்தவர்களுக்கு அவன்தான் வழிகாட்டி. லீமா கடற்கரை ஊரான கடியப்பட்டணத்திலிருந்து தோழி சுஜியோடு வந்திருந்தாள்.

மாலைக்குள் சண்டை போன இடம் தெரியவில்லை. அவன் கட்டிய கூடாரக் கயிறு காற்றில் அவிழ, லீமா சிரித்துக்கொண்டே இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"வள்ளம் கெட்டுற முடிச்சாக்கும். பாத்துப் படிச்சுக்கிடுங்க!"

அவன் முடிச்சைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான்...

மறுநாள் மலையேறும்போது சுஜிக்குக் கால் பிசகியது. மழையும் பிடித்துக்கொண்டது. இருந்தது ஒரே குடை. ஜெனின் அதைச் சுஜிக்குப் பிடித்தபடி, கைத்தாங்கலாக நடத்திப் போனான். பின்னால் நனைந்துகொண்டே வந்த லீமாவுக்கு உள்ளே தீப்பற்றி எரிந்தது. சிநேகிதிக்குத்தானே உதவுகிறான்? இருந்தாலும்... அந்தக் கை ஏன் இன்னும் அவள் தோளிலேயே இருக்கிறது?

குகைக்குள் ஒதுங்கியதும் சுஜி அவள் காதில் கிசுகிசுத்தாள். "ஏட்டி, நல்ல பையனா இருக்கான். எனக்குப் பிடிச்சிருக்கு, பேசிப் பாக்கட்டா?"

"அவருக்குக் கல்யாணம் நிச்சயிச்சாச்சு."

எப்படி வாயில் வந்தது அந்தப் பொய்? சுஜியின் முகம் வாடியதைப் பார்க்க லீமாவுக்குக் கூசியது.

இறங்கி வந்து கூடாரத்தைப் பிரிக்கும்போது ஜெனின் எதிரே வந்து நின்றான்.

"சுஜி எனக்கு வாழ்த்து சொல்லுதா. எனக்க கல்யாணம் எனக்கே தெரியல்ல. ஆரு பறஞ்சது?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். மானம் தப்பும். ஆனால் அந்தப் பக்கம் சுஜி தனியாக உட்கார்ந்திருந்தாள்...

லீமா அவள் முன்னால் போய் நின்றாள். "சுஜி, நான் பொய் சொன்னேன். அவரு ஒனக்குக் குடை பிடிச்சது எனக்குப் பொறுக்கல்ல."

சுஜி வெறித்துப் பார்த்தாள். பிறகு லீமாவின் கையை வலிக்கக் கிள்ளினாள். "கள்ளி! உள்ளதைச் சொல்லியிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேனே!"

கண்ணீரோடு திரும்பிய லீமாவிடம் ஜெனின் மெதுவாகச் சொன்னான்.

"நீங்க மழையில நடந்தியள். குடைக்குள்ள நின்ன எனக்குத்தான் இருப்புக் கொள்ளல்ல... செரி, நிச்சயிச்ச பொண்ணு ஆருன்னு ஊர்ல கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

லீமா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஊர்ல ஒண்ணும் சொல்லாண்டாம். முதல்ல எனக்க அப்பாகிட்ட வந்து கேளுங்க..."