பிருந்தா கிண்டிய கேசரி

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று ஆனிமேரி ஒரு முடிவெடுத்தாள். ஈஸ்டர் வரைக்கும் இனிப்பைத் தொடுவதில்லை. மிட்டாய் இல்லை, கேக் இல்லை, பாலில்கூடச் சர்க்கரை இல்லை. தவக்காலத்தில் இயேசுவுக்காக எதையாவது விட வேண்டும் என்று நினைத்தவள், தனக்கு ரொம்பப் பிடித்ததையே விட்டுவிட்டாள்.

அது எளிதாக இல்லை. வகுப்பில் யாராவது தேன் மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்தாலே நாக்கில் எச்சில் ஊறும். அப்போதெல்லாம் கண்ணை மூடி, "எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்" என்று மெதுவாகச் சொல்வாள். கண்ணைத் திறப்பதற்குள் மிட்டாய் தீர்ந்துபோயிருக்கும். இந்த வழி நன்றாகவே வேலை செய்தது.

பிருந்தா கேசரி கிண்டும் வரை.

"ஆனி! சீக்கிரம் வாடி!"

சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்ததும் ஆனிமேரி ஓடினாள். பிருந்தாவின் மூக்கில் ரவை ஒட்டியிருந்தது. வாணலியில் கேசரி மினுங்கியது. மேலே நெய்யில் வறுத்த முந்திரி.

"நானே கிண்டுனேன்! சாமிக்குப் படைக்கிறதுக்கு முன்னாடி ருசி பாக்கக் கூடாதுல்ல, அதான் இன்னும் வாயிலயே வைக்கல. இப்பப் படைச்சாச்சு. மொத வாய் உனக்குத்தான்!"

ஸ்பூன் நீண்டது. ஆனிமேரி கண்ணை மூடி ஜெபத்தைச் சொன்னாள். கண்ணைத் திறந்தால், கேசரி அங்கேயே இருந்தது.

'தின்னு, அவ எம்புட்டு ஆசையாக் குடுக்குறா' என்றது மனசு. அதைச் சொன்னது அன்பா, நாக்கா? இரண்டும் ஒரே குரலில் பேசினால் எப்படிக் கண்டுபிடிப்பது? தின்றால் இயேசு வருத்தப்படுவாரா? தின்னாவிட்டால் பிருந்தா வருத்தப்படுவாளே!

"எனக்குத் தவக்காலம்டி. இனிப்பு திங்க மாட்டேன்னு இயேசப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"ஒரே ஒரு வாய்."

"ஒரு வாய்னாலும் இனிப்புதானே?"

பிருந்தாவின் முகம் சுருங்கியது. "எங்க அம்மா செஞ்சிருந்தா தின்னுருப்ப. போ, நானே திங்கிறேன்."

ஸ்பூனை வாயில் வைத்தாள். கண்கள் பெரிதாயின. குழாயடிக்கு ஓடித் துப்பினாள்.

"உப்பு!" என்றாள். "சர்க்கரைன்னு நெனச்சு உப்பக் கொட்டிட்டேன். சாமிக்கும் இதையேதான் படைச்சிருக்கேன்!"

அழத் தொடங்கிவிட்டாள். ஆனிமேரிக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. ஸ்பூனை எடுத்தாள். ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். கடல் உப்பையே நெய்யில் வறுத்தது போலிருந்தது. கண்ணில் நீர் வர விழுங்கினாள்.

"ஏய்! நீதான் திங்க மாட்டேன்னியே!"

"இனிப்புத்தான் திங்க மாட்டேன்னேன். இதுல எங்கடி இருக்கு இனிப்பு?"

பிருந்தா அழுகைக்கு நடுவில் சிரித்தாள். பிறகு இருவராலும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. பிருந்தாவின் அம்மா அகிலாண்டம் சத்தம் கேட்டு வந்தார். ஒரு சிட்டிகை ருசி பார்த்துவிட்டு, அவரும் சிரித்துக்கொண்டே புதிதாக ரவையை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

மறுபடியும் குழப்பம். அலமாரியில் இரண்டு டப்பாக்கள். இரண்டிலும் வெள்ளைத் தூள்.

"எது சர்க்கரை? நான் ருசி பாக்கக் கூடாது" என்றாள் பிருந்தா.

"நானும்தான்" என்றாள் ஆனிமேரி.

அவள் சுற்றிலும் பார்த்தாள். ஜன்னலோரம் எறும்புகள் ஊர்ந்துகொண்டிருந்தன. இரண்டு தூளிலும் ஒரு சிட்டிகை எடுத்துத் தள்ளித் தள்ளி வைத்தாள். சற்று நேரத்தில் ஒரு குவியலை மட்டும் எறும்புகள் மொய்த்துக்கொண்டன.

"அதுகளுக்குத் தவக்காலம் இல்ல போல" என்றாள் பிருந்தா.

இருவரும் மாறி மாறிக் கிண்டினார்கள். வாசனை தூக்கியது. ஆனிமேரியின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

"எனக்கும் திங்கணும் போலத்தான்டி இருக்கு" என்றாள் பிருந்தா மெதுவாக. "வாய மூடிக்கிட்டுத்தான் கிண்டுறேன்."

சாமிக்குப் படைத்த பிறகு இந்தமுறை அவள் ஸ்பூனை நீட்டவில்லை. ஒரு கிண்ணம் நிறைய அள்ளி, "இது உங்க வீட்டுக்கு. நீ பாத்துட்டு மட்டும் இரு" என்றாள்.

ஆனிமேரி வெளியே வந்தாள். தெருவில் யாரும் இல்லை. கையில் சூடான கேசரி. ஓரத்தில் ஒரு முந்திரி விழுந்துவிடுவது போல நின்றது. அது விழாமல் எடுத்து வாயில் போட்டால் பாவமா, உதவியா?

அவள் நடையை எட்டிப்போட்டாள். வாய்விட்டே ஜெபித்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

தம்பி ஜூடு திறந்தான். "என்னக்கா, தெருவுலயே ஜெபம் பண்ணிக்கிட்டு வர்ற?"

"அப்பறம் சொல்றேன்டா. மொதல்ல இதப் பிடி!"