ஒற்றை எஸ்எஸ்டி

தேக்கா வட்டாரத்தில், பஃபலோ ரோட்டுப் பூமாலைக் கடைகளுக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கிறது தங்கராஜு அண்ணனின் கல்யாண வீடியோ ஸ்டூடியோ. புதன்கிழமை காலை பத்து மணிக்கு நான் மரப்படி ஏறியபோது மல்லிகை வாசமும் கூடவே ஏறி வந்தது. "சர்வர் மறுபடியும் ஸ்லோவாயிருச்சு, பரீதா. வந்து என்னான்னு பாரும்மா" என்று போனில் சொல்லியிருந்தார். அவ்வளவுதான் விஷயம். பேய், ஜின் என்று யாராவது அன்று சொல்லியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன். பதினைந்து வருடமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவள் நான். காரணம் கண்டுபிடிக்கத் தெரியாதவன்தான் ஜின் மேல் பழி போடுவான் என்று எல்லாரிடமும் வாயடித்துத் திரிந்தவள்.

கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் பகீரென்றது. ஆள் பாதியாகியிருந்தார். எட்டு மாதத்துக்கு முன் அவருடைய ஒரே மகள் ரக்ஷனா, பத்தொன்பது வயதுப் பிள்ளை, சாலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்து போய்ச் சேர்ந்தாள். இனி நம்பிக்கை இல்லை, மிஷின்தான் மூச்சு விடுகிறது என்று டாக்டர்கள் சொன்னபோது, அதை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் இவர்தான்.

"சாப்டீங்களாண்ணே?"

"ம்... கோப்பி குடிச்சேன்."

பொய். அவர் வீட்டில் அடுப்பு எரிந்து எத்தனை நாள் ஆனதோ.

எடிட்டிங் அறையின் மூலையில் சர்வர் இருந்தது. கல்யாண வீடியோக்களும், மகள் பிறந்ததிலிருந்து எடுத்த வீடியோக்களும் அதிலுள்ள நான்கு ஹார்டு டிஸ்க்குகளில்தான் இருந்தன. மூன்று மாதத்துக்கு முன், வேகம் கூட்டுவதற்காக அதில் எஸ்எஸ்டி பொருத்தியவள் நான். விஷயம் சுலபம். ஹார்டு டிஸ்க் என்பது கடையின் பின்கட்டுக் கிடங்கு மாதிரி. நிறையக் கொள்ளும், தேடி எடுத்து வரத்தான் நேரமாகும். எஸ்எஸ்டி கல்லாவுக்குப் பக்கத்து மேசை. அடிக்கடி கேட்கிற சாமானை அங்கேயே வைத்துக்கொள்ளும். புதுச் சரக்கும் முதலில் அந்த மேசையில் இறங்கி, அப்புறம் சாவகாசமாகக் கிடங்குக்குப் போகும். மேசை தீப்பிடித்தால், கிடங்குக்குப் போகாத சரக்கு போனது போனதுதான். அதனால் எஸ்எஸ்டியை எப்போதும் ஜோடியாகப் போட வேண்டும். ஒன்று செத்தாலும் இன்னொன்று காப்பாற்றும்.

அன்றைக்கு என் பையில் ஒன்றுதான் இருந்தது. "இன்னொண்ணு அடுத்த வாரம் போட்டுடுறேண்ணே" என்றேன். அடுத்த வாரம் நோன்பு வந்தது, அப்புறம் பெருநாள் வந்தது, சாக்குக்கா பஞ்சம்? சுத்தமாக மறந்துபோனேன்.

உட்கார்ந்து எஸ்எஸ்டியின் தேய்மானத்தைப் பார்த்தேன். எழுத எழுதத் தேய்கிற சாமான் அது. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அதுவே நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும்.

தொண்ணூற்றாறு.

ஐந்து வருடம் உழைக்க வேண்டியது, மூன்று மாதத்தில் மூட்டை கட்டப் பார்க்கிறது.

"அண்ணே, அப்படி என்னதான் ஓட்டுறீங்க இதுல?"

"ஒண்ணும் இல்ல லா. பாக்கி இருந்த ரெண்டு கல்யாணத்த முடிச்சுக் குடுத்தேன். அதோட கேமராவக்கூடத் தொடல."

எந்தக் கோப்பு இப்படி ஓடுகிறது என்று தேடினேன். ஒரே ஒரு ஃபோல்டர். பெயர் ரக்ஷனா. நொடிக்கு நொடி அது படிக்கப்பட்டது, எழுதப்பட்டது, மறுபடி படிக்கப்பட்டது. எஸ்எஸ்டியில் வேறு எதுவுமே இல்லை. மேசை முழுக்க அவள்தான்.

"பாஸ்வர்டு யாருகிட்ட இருக்கு? யாரோ இதைப் பாத்துக்கிட்டே இருக்காங்க."

அவர் முகம் வெளிறிப்போனது. "யாருகிட்டயும் இல்லம்மா. நானும் தொறக்கல, சத்தியமா. அவ போனதுக்கப்புறம் அதத் தொறக்க எனக்குத் தைரியமே வரல."

ஏதோ கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதலில் பிள்ளையின் வீடியோக்களைக் காப்பாற்றுவோம். ஃபோல்டர் முழுவதையும் என் கை டிஸ்க்குக்குக் காப்பி எடுத்தேன். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, என் மடிக்கணினியில் ஒன்றைத் திறந்தேன். பன்னிரண்டாவது பிறந்தநாள். பிடோக்கில் அவர்கள் வீட்டு வரவேற்பறை, கேக், பலூன். எல்லாரும் கைதட்டிப் பாடுகிறார்கள்.

கேக்குக்குப் பின்னால் யாரும் இல்லை.

எல்லாரும் அந்தக் காலி இடத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மெழுகுவர்த்திகள் தாமாகச் சாய்ந்து அணைகின்றன.

அடுத்ததைத் திறந்தேன். பொங்கல் விளக்கு அலங்காரத்தின் கீழே தங்கராஜு அண்ணன் நடக்கிறார். வலது கை பக்கவாட்டில் நீண்டிருக்கிறது. விரல்கள் எதையோ பிடித்திருக்கின்றன. அங்கே கை இல்லை.

பதினேழு வீடியோ பார்த்தேன். எதிலும் அவள் இல்லை.

அப்போதுதான் கவனித்தேன், மல்லிகை வாசம் போய்விட்டது. ஸ்பிரிட்டும் டெட்டாலும் கலந்த ஆஸ்பத்திரி வார்டு வாசம் அந்த அறையில் நின்றது. ஜன்னலுக்குக் கீழே பட்டப்பகல், பூக்காரர்கள் கூவி விற்கிறார்கள். பிஸ்மி சொல்லிக்கொண்டேன்.

தொண்ணூற்றேழு.

இந்த முறை காப்பியைத் திறக்காமல், சர்வரிலேயே அதே பிறந்தநாளைத் திறந்தேன்.

இருந்தாள்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை இல்லை. பத்தொன்பது வயதில், ஆஸ்பத்திரி உடையில், தலையில் கட்டோடு, கேக்குக்குப் பின்னால் நின்றாள். யாரும் அவளைப் பார்த்து மிரளவில்லை. அவளும் அவர்களைப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்தாள். உதடு அசைந்தது.

பொங்கல் வீடியோவிலும் அப்படியே. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அதே உடையில், அதே உதடசைவு.

ஹெட்போனை மாட்டி ஒலியை முழுதாகக் கூட்டினேன். முதலில் ஒரு மிஷின் சத்தம். உஸ்... டக். உஸ்... டக். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வருகிறது.

"பரீதாக்கா."

யா அல்லாஹ்!

"அப்பாகிட்ட அணைக்கச் சொல்லுங்க. வலிக்குது."

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன். அண்ணன் அதை எடுத்து மாட்டிக்கொண்டார். தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை. வெகுநேரம் கேட்டார். கண்ணீர் வழிய வழிய அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நான் பயந்தது அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான்.

"அவ குரல்தாம்மா" என்றார்.

தொண்ணூற்றெட்டு.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "அண்ணே, அவ இந்த எஸ்எஸ்டிக்குள்ள மட்டும்தான் இருக்கா. டிஸ்க்குக்குப் போக மாட்டேங்குறா, காப்பிக்கும் வர மாட்டேங்குறா. இவ்வளவு தேஞ்சது, இப்ப பவர நிறுத்தினா மறுபடி எழும்பாது, எல்லாம் போயிடும். உங்ககிட்ட அவ முகம் தெரியுற ஒரு வீடியோகூட மிஞ்சாது."

"நிறுத்தலன்னா?"

"நூறு ஆனதும் எஸ்எஸ்டி அதுவாவே செத்துடும்ணே. எப்படிப் பாத்தாலும் போகப் போறாதான். ஆனா வலிக்குதுங்குறா. அணைச்சிடலாம்ணே." அதற்குமேல் அடக்க முடியாமல் அழுதேன். "ரெண்டு போட்டிருக்கணும். நான்தான் ஒண்ணோட விட்டுட்டேன். என் தப்பு."

என் தப்பு அவர் காதில் ஏறவே இல்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குக் கையெழுத்துப் போட்ட கை இது, பரீதா. இன்னொரு தடவ என்னால அணைக்க முடியாது."

"அப்போ நான் அணைக்கிறேன்" என்று சுவிட்சுக்குக் கை நீட்டினேன். சட்டென்று தரையில் விழுந்து என் காலைப் பிடித்துக்கொண்டார். என் வாப்பா வயது அவருக்கு. "வேணாம்மா, வேணாம்மா, கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்று பிள்ளை மாதிரி தேம்பினார். என் கை நின்றுவிட்டது.

தொண்ணூற்றொன்பது.

நூறு.

இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தோம். சர்வரின் காற்றாடி சுற்றிக்கொண்டே இருந்தது. எதுவும் சாகவில்லை.

நூற்றொன்று.

நூறு என்பது கம்பெனி போடுகிற கணக்குதான், அதைத் தாண்டியும் சில எஸ்எஸ்டி கொஞ்ச நாள் ஓடும். எனக்கும் தெரியும். ஆனால் ஒரு நிமிடத்துக்கு ஒன்று ஏறி நான் பார்த்ததில்லை. நூற்றிரண்டு. ஹெட்போன் தரையில் கிடந்தது. அது இல்லாமலே எனக்குக் கேட்டது.

உஸ்... டக். உஸ்... டக்.

"பாத்தியா? சாகல" என்றார் அண்ணன். "எம்பொண்ணு சாகல."

நான் ஓடிவிட்டேன். பையைக்கூட எடுக்காமல் படி இறங்கி, மாலைக்கடைக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடினேன். பெரிய வாயாடி, கோழை மாதிரி ஓடினேன்.

வாடிக்கையாளர்களின் சர்வர்கள் எல்லாம் தினமும் காலை பத்து மணிக்கு எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பும், நலமா இல்லையா என்று. அதுவரை அவற்றை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை. மறுநாள் அவருடையதும் வந்தது. நூற்றுப் பதினெட்டு. நான் அங்கே இருந்தபோது பறந்த எண் இப்போது நிதானமாக ஏறியது. அடுத்த வாரம் நூற்று அறுபது. 'அணைச்சிடுங்கண்ணே, பிள்ளைக்கு வலிக்குது' என்று தினமும் மெசேஜ் போட்டேன். படித்தார் என்று நீலக்குறி மட்டும் விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா கூட்டத்தோடு கூட்டமாக அந்தப் படிக்கட்டு வரைக்கும் போனேன். ஏறவில்லை. தொழுகையில் அவளுக்காகத் துஆ கேட்டேன், அதுதான் என்னால் முடிந்தது. மூன்றாம் வாரம் எண் இருநூற்று ஐம்பத்தைந்தைத் தொட்டது. அதற்குமேல் காட்ட அந்த மீட்டரில் இடம் கிடையாது.

இன்று காலை பத்தேகாலுக்கு அவரே கூப்பிட்டார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது.

"அணைச்சிட்டேன், பரீதா."

என்னால் நம்ப முடியவில்லை. "எப்பண்ணே?"

"முந்தாநாள் சாயங்காலம். 'அப்பா அணைக்கிறேன்டா கண்ணு'ன்னு சொல்லிட்டுத்தான் அணைச்சேன். பிளக்கக் கழட்டி, சர்வரப் பிரிச்சு, அந்த எஸ்எஸ்டிய எடுத்துச் சுத்தியலால உடைச்சிட்டேன். தூளாக்கிட்டேன். இப்ப எங்கிட்ட அவ முகமே இல்லம்மா. பரவால்ல. ரெண்டாவது தடவயும் நானே அணைச்சிட்டேன். நீ சொன்னதுதான் சரி."

நான் மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். இன்றைய மின்னஞ்சல்கள் திறந்திருந்தன. பத்து மணிக்கு வந்தவற்றில் நான்காவது அவருடைய சர்வருடையது. நேற்றும் ஒன்று வந்திருந்தது. அனுப்பிய இடம் அதே ஸ்டூடியோ. தேய்மானம் இருநூற்று ஐம்பத்தைந்து. ஃபோல்டர்: ரக்ஷனா. நிலை: எழுதப்படுகிறது.

"பரீதா, இருக்கியாம்மா? அவளுக்கு இனிமே வலிக்காதுல்ல?"

"வலிக்காதுண்ணே" என்றேன்.