கேழ்வரகுத் தாளில் எரிந்தவர்

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் யுத்தகாலத்து பஸ் மூச்சு வாங்கிக்கொண்டே வந்து பாலக்கோட்டில் தர்மனை இறக்கிவிட்டபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அங்கிருந்து ஊருக்கு நடைதான். சட்டைப் பையில் ஒரு காகிதம் இருந்தது. கிழித்து எறிந்துவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தான். எறியவில்லை.

எல்லாம் அவன் வாய்க்கொழுப்பால் வந்த வினை. தங்கை கண்ணம்மாளைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் தாய்மாமன் கருப்பண்ணன், "உங்க தாத்தா தீவாந்தரம் போனவருன்னு ஒரு பேச்சு அடிபடுதுங்களே" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தீவாந்தரம் என்றால் அந்தமான். கொலைகாரர்களையும் கொள்ளைக்காரர்களையும் வெள்ளைக்காரன் கப்பலேற்றி அனுப்புகிற இடம். அப்படிப்பட்ட வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? பள்ளிக்கூட வாத்தியாரான தர்மனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்க தாத்தா மாதையன் தாது வருசப் பஞ்சத்துல காலரா கண்டு செத்தவருங்க. சேலத்துல பழைய தஸ்தாவேஜு இருக்குது. நானே போயி பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று சபையில் மார்தட்டினான்.

சேலத்தில் நகல் எழுதித் தரும் முனாப் என்பவர் பழைய கட்டுகளைப் பிரித்து வாசித்துக் காட்டினார். பஞ்சத்தில் தானிய வண்டியை மறித்த கும்பலில் மாதையனும் ஒருவர். அடிதடியில் வண்டிக்காரன் செத்துப்போனான். ஆயுள் முழுக்கத் தீவாந்தரம். அதோடு முடிந்திருந்தால்கூடத் தர்மன் தாங்கியிருப்பான். முனாப் அடுத்த தாளையும் வாசித்தார். பல வருடங்கள் கழித்து மாதையனை விடுதலை செய்து, மொரப்பூர் ஸ்டேஷன் வரைக்கும் ரயில் டிக்கெட் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

"அப்ப வூட்டுக்கு வந்திருப்பாரே தம்பி, உங்களுக்குத் தெரியாதா?" என்றார் முனாப்.

தர்மன் அவர் எழுதித் தந்த நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

வீட்டில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். அம்மா சென்னம்மாள் மறுநாள் நிச்சயதார்த்த விருந்துக்குச் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அரிசி கிடைக்காத காலம் அது.

"ஆத்தா, தாத்தா திரும்பி வந்தாரா?"

முறம் நின்றது.

"மெல்லப் பேசு" என்றாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "நான் கண்ணாலமாயி வந்த புதுசு. அவரக் கப்பலேத்துன அன்னிக்கே கேவுரு அறுத்த காஞ்ச தாள்ல ஆளு மாதிரி பொம்மை செஞ்சி, பாடை கட்டி எரிச்சிட்டாங்களாம். உங்க ஆயாவுக்குத் தாலியும் அறுத்தாச்சு. எரிச்சிட்டா அந்த ஆளு செத்தவன்தான், அது நம்ம குலத்துக் கட்டுப்பாடு. காலரான்னு ஊருக்குச் சொன்னாங்க. ஒரு நாளு பின்கதவுல வந்து நிக்கறாரு. எரிச்ச ஆள எப்படி உள்ள உடறது? பேயி வந்திருக்குதுன்னு உங்கப்பா தாழ் போட்டுட்டாரு."

"அப்புறம்?"

"தண்ணி கேட்டாரு. கேட்டுக்கிட்டே இருந்தாரு. சத்தம் நின்னப்புறந்தான் தொறந்தோம். யாரோ பரதேசின்னு சொல்லி ஊர்ப் பொதுவுல பொதைக்க வெச்சாரு உங்கப்பா. ஒரு புடி மண்ணு போடக்கூட நாங்க போவல."

பின்கதவில் யார் கூப்பிட்டாலும் ஏன் என்று கேட்கக் கூடாது. சின்ன வயதிலிருந்து அந்த வீட்டில் அதுதான் சட்டம். பேய் பயம் என்று தர்மன் நினைத்திருந்தான். உயிரோடு இருந்த மனிதருக்குச் சாவுச் சடங்கு செய்தார்கள். செத்த பிறகு ஒன்றுமே செய்யவில்லை. அவனுக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. செத்துப்போன அப்பாவை நினைத்து வந்த வெட்கம் அது. தாத்தாவை நினைத்து வந்த வெட்கமும் கூடவே இருந்தது. எது பெரிது என்று அவனாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் அந்த வாடை வந்தது.

உப்பு வாடை. ஈரக் கயிறும் பாசியும் கலந்த வாடை. கடலைக் கண்ணால் பார்த்த ஒருவர்கூட இல்லாத ஊர் அது.

பின்கதவில் நகத்தால் கீறுகிற சத்தம் கேட்டது.

மெதுவாக.

மறுபடியும்.

"இத்தினி வருசமா அவரு பேச்ச யாரும் எடுக்கல" என்று சென்னம்மாள் முணுமுணுத்தாள். "நீ எடுத்துட்ட, சாமி."

மறுநாள் உச்சிவெயிலில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். கூடம் நிறைய ஆட்கள், சிரிப்பு, வெற்றிலை வாசனை. கருப்பண்ணன் செருமிக்கொண்டு, "சேலம் போயிட்டு வந்தீங்களே வாத்தியாரே, என்னங்க ஆச்சு?" என்றார்.

கண்ணம்மாள் கதவோரம் புதுச்சேலையில் நின்றிருந்தாள். உண்மையைச் சொன்னால் அவள் வாழ்க்கை போய்விடும். தர்மன் வெற்றிலைத் தட்டைக் கருப்பண்ணன் பக்கம் நகர்த்தினான்.

"காலராதாங்க. நானே கண்ணால பாத்தேன்."

பின்கதவு அசைந்தது.

"வூட்ல யாராச்சும் இருக்கீங்களா... கொஞ்சம் தண்ணி..."

வறண்டுபோன குரல். கூடம் முழுக்கக் கேட்டது.

"யாருங்க அது?" என்றார் கருப்பண்ணன்.

"யாரோ பரதேசிங்க" என்றான் தர்மன்.

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவனுக்கு உறைத்தது. சென்னம்மாள் மகனைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். தட்டு மாற்றினார்கள். பின்கதவில் சத்தம் ஓய்ந்துவிட்டது.

சம்பந்திகள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட இலை போட்டார்கள். கருப்பண்ணன் பக்கத்து இலை தர்மனுடையது. உட்காரப் போனவனைக் கண்ணம்மாள் அடுக்களை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணா, பின்னால ஒரு பெரியவரு தண்ணி கேட்டுக்கிட்டே இருந்தாருல்ல. நல்ல நாளும் அதுவுமா, கேக்காத மாதிரி இருக்க மனசு வரல. தொறந்து ஒரு சொம்பு குடுத்தேன்."

தர்மன் பின்கதவைப் பார்த்தான். "குடிச்சாரா?"

"குடிச்சாரு. 'என்னப் பரதேசின்னு சொன்னது யாரு கண்ணு'ன்னாரு. எங்கண்ணன்னு சொன்னேன். 'அப்ப அவன் எலையிலதான் எனக்குச் சோறு'ன்னுட்டு உள்ள வந்துட்டாரு."

"எங்க?"

"அதோ, உங்க எலையில."

தர்மனின் கண்ணுக்கு அங்கே யாரும் இல்லை. இலையில் சாமைச் சோறு மட்டும் குவிந்திருந்தது. தர்மன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சோற்றின் நடுவில் மெல்லக் குழி விழுந்தது, குழம்புக்கு யாரோ விரலால் குழிப்பதுபோல.

கருப்பண்ணன் சற்று நகர்ந்து இடம் விட்டார்.

"அட, பெரியவருக்குக் கொழம்பு ஊத்துங்கப்பா" என்றார். பிறகு அந்தக் காலி இடத்தைப் பார்த்து மரியாதையாக, "பொண்ணு வூட்டுக்கு நீங்க என்ன ஒறவுங்க?" என்று கேட்டார்.

காதைச் சாய்த்து நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் நிமிர்ந்து தர்மனைப் பார்த்தார்.