நம்பர் 1147

சனி, ஞாயிறு லீவு; இறால் ஆலையில் ஈ காக்கை இருக்காது. யார் எப்போது எந்தக் கதவில் நம்பர் அமுக்கினார்கள் என்று கம்ப்யூட்டரில் பதிவாகும் கோப்பும் அப்போது இளைத்துத்தான் கிடக்கும். ஆனால் இந்த வாரம் வெள்ளி மாலையிலிருந்து அது ஊதிப்போயிருந்தது. மேனேஜர் போனில் அவசரப்படுத்தியதால், ஆலையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பிரின்சி, ஞாயிறு சர்ச் முடிந்த கையோடு கும்மிடிப்பூண்டிக்கு வந்து, மாடியில் சர்வர் அறைக்குள் உட்கார்ந்திருந்தாள். ஏசியின் உறுமலைத் தவிர வேறு சத்தமில்லை. கீழ்த்தளத்து இறால் வாடை படியேறி வந்துகொண்டிருந்தது.

கோப்பில் தேடச் சொல்லி இரண்டு வரியில் ஒரு கேள்வி எழுதினாள். எந்தக் கதவில், யார் நம்பர், எத்தனை முறை?

ஒரே நம்பர். 1147. கோல்டு ரூம் என்கிற உறைபனி அறை, உட்பக்கம். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு முறை. ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரே பதில்: 'மறுக்கப்பட்டது. ஆள் ஏற்கெனவே வெளியேறிவிட்டார்.'

அது கோல்டு ரூமில் பெட்டி அடுக்கும் சின்னராசின் நம்பர்.

வெள்ளிக்கிழமை கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது அவன் ஓடிவந்தான். "அக்கா, கோல்டு ரூம்ல நாலு பொட்டி அடுக்கினு வந்துர்றேன். கேட்ல என் நம்பரையும் அமுக்கிடு, டைமுக்கு அமுக்கலேன்னா லேட்டா போனேன்னு எழுதிருவானுங்க. அடுத்த தபா உன்து நான் அமுக்குறேன்." எல்லோரும் எல்லோருக்கும் செய்கிற உதவிதான். அவளும் அமுக்கிவிட்டு பஸ் ஏறினாள். போனதாகப் பதிவான நம்பருக்கு எந்தக் கதவும் திறக்காது என்பது அவளுக்குத் தெரியும். கோல்டு ரூமுக்குள்ளிருந்து கதவைத் திறக்கும் அவசரக் கைப்பிடி மூன்று மாதமாகக் கழன்று கிடப்பதும் தெரியும். தெரிந்தும் அது நினைவுக்கு வரவில்லை. சின்னராசு செவ்வாப்பேட்டையில் தனியாக வாடகைக்கு இருப்பவன், தேடவும் ஆளில்லை.

நேர வரிசையில் அடுக்கிப் பார்த்தாள். முதலில் பத்து வினாடிக்கு ஒன்று. பிறகு நிமிடத்துக்கு ஒன்று. பிறகு மணிக்கு ஒன்று. சனி விடியற்காலை நின்றுபோயிருந்தது. நான் கொன்றுவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னாள்.

கேட்டுக்கு போன் போட்டாள். செக்யூரிட்டி பரசுராமன் எடுத்தார்.

"அண்ணா, கோல்டு ரூம உடனே தொறங்க. சின்னராசு உள்ள மாட்டிக்கினான்."

"இன்னாம்மா நீ. அவரு வெள்ளிக்கெயமயே போயிட்டதா கம்ப்யூட்டர்ல கீதே."

"கம்ப்யூட்டர வுடுங்கண்ணா. போய்ப் பாருங்க."

போனை வைத்தபோது திரையில் புது வரி விழுந்தது. இன்று, 3.31. 1147. கோல்டு ரூம். மறுக்கப்பட்டது.

3.34. பேக்கிங் ஹால். மறுக்கப்பட்டது.

3.37. மாடிப்படி. மறுக்கப்பட்டது.

திறக்காத கதவுகள். ஆனாலும் 1147 இடம் மாறிக்கொண்டே வந்தது.

இறால் வாடை நெருங்கியது. கூடவே பனிக்கட்டியின் ஈர வாடை. அறைக்கு வெளியே பொத்தான்கள் ஒலித்தன. நான்கு முறை. பிறகு மறுப்பின் நீளமான ஒலி.

3.39. சர்வர் அறை.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். யாரும் தட்டவில்லை. கூப்பிடவில்லை. வெகுநேரம் ஒன்றுமில்லை.

அடுத்த வரியில் வேறு நம்பர். 2208. மெயின் கேட். வெளியேறினார். 3.46.

2208 அவளுடைய நம்பர்.

கதவுக்கு ஓடினாள். அமுக்கினாள். சிவப்பு விளக்கு. மறுபடி அமுக்கினாள். சிவப்பு.

கேட்டுக்கு மறுபடி போன்.

"அண்ணா, நான் பிரின்சி. என்னைத் தொறந்து வுடுங்க."

"நான் போய்ப் பாக்கறதுக்குள்ள சின்னராசே வந்துட்டாரு, பிரின்சிம்மா இப்பத்தான அவருகூட போனாங்க. அவருதான் அவங்க நம்பரயும் அமுக்கினாரு. நீ யாரும்மா பேசறது?"

லைன் துண்டிக்கப்பட்டது. திரும்பப் போட்டாள். எடுக்கவில்லை.

ஜன்னலுக்கு வந்தாள். திறக்க முடியாத கண்ணாடி. வெயிலில் கேட்டைத் தாண்டி இரண்டு பேர் நடந்துபோனார்கள். ஒருத்தி போட்டிருந்தது காலையில் பிரின்சி போட்டுவந்த அதே பச்சை சுடிதார். அவள் திரும்பவேயில்லை. தலைமுடி பனி படிந்து வெளுத்து உறைந்திருந்தவன் மட்டும் நின்று, மாடியை அண்ணாந்து பார்த்து, சொன்னபடி செய்துவிட்டேன் என்பதுபோல் கையை உயர்த்தினான்.