ஏடு மணிக்கு ஒரு படம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க கண்ணுகளா. காலை மடக்கிக்கொண்டால் எல்லாருக்கும் இடம் இருக்கும். ஒரே ஒரு சொல் ஒரு போட்டோவைக் கெடுத்துவிட்டு, பிறகு அதுவே வந்து காப்பாற்றிய கதையைச் சொல்கிறேன்.

ஓசூரில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஜோதிமணியும் வெங்கட்டும் ஓர் இசைப் பத்திரிகை தயாரித்தார்கள். பாட்டு, பேட்டி எல்லாம் எழுதியாகிவிட்டது. பெயரும் அட்டைப் படமும்தான் பாக்கி. திங்கட்கிழமை டீச்சரிடம் கொடுத்தாக வேண்டும்.

அட்டையில் யார் என்பதில் ஜோதிமணிக்குச் சந்தேகமே இல்லை. பாகலூர் பஜனையில் டோலக் வாசிக்கும் சாந்தம்மா அக்காதான். தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர். வீட்டில் பேசுவது தெலுங்கு.

"டோலக்கோட என்னை யாருமே படம் எடுத்ததில்ல பாப்பா" என்று அவர் ஒருநாள் சொன்னதை அவள் மறக்கவில்லை.

அவள் குடும்பம் விருதுநகரிலிருந்து குடிவந்து ஒரு வருடம்தான் ஆகிறது. ஆனாலும் ஜோதிமணி தெலுங்கிலேயே போய் அழைத்தாள்: "சனிவாரம் ஏடு கண்டலகு ரண்டி அக்கா!"

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மலைக்கோயில் படிக்கட்டுக்கு வரச் சொல்லிவிட்டதாக அவளுக்கு ஒரே பெருமை.

வெங்கட் நோட்டில் திட்டம் போட்டான். மலைக்கோயில் படிக்கட்டு. காலை வெயில். பட்டுப் புடவை. மடியில் டோலக்.

சனிக்கிழமை சரியாக எட்டு மணிக்குப் போனார்கள். படிக்கட்டில் யாரும் இல்லை.

"டோலக்கு வெச்சிருந்த அம்மாவா?" என்றார் பூக்காரர். "ஏழு மணிக்கே வந்து உக்காந்திருந்தாங்க. இப்பத்தான் கோவமா பாகலூர் பஸ் ஏறிப் போனாங்க."

ஜோதிமணிக்கு முகம் சுண்டிவிட்டது.

வெங்கட் சீப்பை எடுத்துத் தலை வாரினான். "விடு. அட்டையில என் படத்தப் போட்டுக்கலாம்."

"உனக்கு விசிலே வராதுடா! ரெண்டாவது ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஒன்னரைக்கு வரும். அங்கயே போய் அக்காவப் பாக்கலாம்."

பாகலூர் நிறுத்தத்தில் சாந்தம்மா நீலச் சீருடையில் நின்றிருந்தார். கையில் சாப்பாட்டு டப்பா. இவர்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பட்டுச் சேல கட்டிட்டு வந்து முக்கா மணி நேரம் உக்காந்தேன். வெளையாட்டா உங்களுக்கு?"

"எட்டு மணின்னுதானே சொன்னேன் அக்கா?"

"நீ ஏடுன்னு சொன்ன பாப்பா!" சாந்தம்மா விரல் விட்டு எண்ணினார். "ஆறு, ஏடு, எனிமிதி. ஏடுன்னா ஏழு. எனிமிதிதான் எட்டு."

ஜோதிமணி தலையில் கை வைத்தாள். "ஐயோ! எட்டு மாதிரியே இருக்கேன்னு நெனச்சிட்டேன். தப்பு என்னோடதுதான் அக்கா. உங்கள வீணாக் காக்க வெச்சிட்டேன்."

சாந்தம்மா அவளைப் பார்த்தார். சட்டென்று சிரித்துவிட்டார். "நல்ல தெலுங்கு போ! ஆனா டோலக் வீட்ல இருக்குதே. பஸ் வர பத்து நிமிஷம்தான்."

"நம்ம திட்டம் மொத்தமும் போச்சு" என்றான் வெங்கட்.

"போகட்டும்" என்றாள் ஜோதிமணி. "அக்கா, கையில டப்பா இருக்குதில்ல?"

சாந்தம்மா டப்பாவை இடுப்பில் அணைத்துக்கொண்டு தட்டினார். தக திமி தக ஜுணு! கூட நின்ற பெண்கள் கைதட்டினார்கள். வந்து நின்ற கம்பெனி பஸ்ஸும் தாளத்துக்கு இரண்டு ஹாரன் அடித்தது. எல்லாரும் சிரித்த அந்த நொடியில் வெங்கட் படம் எடுத்தான்.

பஸ்ஸில் ஏறியபடியே சாந்தம்மா கேட்டார்: "பத்திரிகைக்கு என்ன பேரு?"

"ஏடு!" என்று கத்தினாள் ஜோதிமணி.

வெங்கட் முறைத்தான். "உன் தப்பையே பேரா வெப்பியா?"

"தமிழ்ல ஏடுன்னா பத்திரிகைடா! அக்கா வீட்ல ஏழு. சுரமும் ஏழுதானே?"

திங்கட்கிழமை மாலை அந்த ஏட்டின் ஒரு பிரதி பாகலூருக்குப் போனது. சாந்தம்மா அட்டையைச் சுவரில் ஒட்டினார், டோலக்குக்கு நேர் மேலே.

கேட்ட கண்ணுகளே, உங்கள் வீட்டுச் சாப்பாட்டு டப்பா நிறைந்தே போகட்டும். வேலைக்குப் போனவர்கள் சிரித்த முகத்தோடு திரும்பி வரட்டும்.