பெயர் பிறகு சொல்லப்படும்

மழை வலுத்ததும் பேஸ்பால் ஆட்டத்தை நிறுத்தி, மைதானத்தின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். கையில் ஹாட் டாகோடு கூரைக்குக் கீழே ஓடி வந்த மேரன், எதிரே வந்தவன் மீது மோதினாள்... அதன் மேலிருந்த கடுகு சாஸ் மொத்தமும் அவன் வெள்ளைச் சட்டையில்!

“கண்ண எங்க வச்சுட்டு வரீங்க?” தப்பு தன் மேல் என்று தெரிந்தால் மேரனுக்குக் குரல் உயர்ந்துவிடும்.

“முகத்துலதாங்க. கடுகுதான் இடம் மாறிடுச்சு.”

சிரித்துவிட்டாள். அவன் கண்கள்... மழை நாளில் மிசிசிப்பி நதிக்கு வருமே, அந்தச் சாம்பல் நிறம். நதிக்கரையிலேயே வளர்ந்தவளுக்கு அது புதிதில்லை. ஆனாலும் பார்வையை எடுக்க முடியவில்லை.

மழை விடுவதாக இல்லை. பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர்கள், கடைசியில் ஒரு விளையாட்டில் இறங்கினார்கள். சுற்றி இருப்பவர்களை வைத்து ஆளுக்கொரு பேஸ்பால் அணி சேர்ப்பது!

“முதல்ல மட்டை பிடிக்க, அதோ, குழந்தைய துரத்திட்டு ஓடறாங்களே, அந்த அம்மா,” என்றாள் மேரன். “நாலாவதா ஹாட் டாக் கடை மிஸஸ் கண்டர்சன். தோளப் பாருங்க... அடிச்சா பந்து நதியிலதான் விழும்.”

“ஐயோ, அவங்க எனக்கு வேணும். மாத்திக்கலாமா?”

“பதிலுக்கு யாரு?”

“பேரு அப்புறம் சொல்றேன். பெரிய கிளப்புங்க அப்படித்தானே ஆள் மாத்திக்கறாங்க?”

“சரி, எடுத்துக்குங்க. ஏமாத்தினா விடமாட்டேன்!” என்றாள். “பந்து வீச கடலைக்காரர். மூணு வரிசை தாண்டி, பொட்டலத்த மடியிலயே போடறார் பாருங்க.”

அவன் யோசித்தான். “வரிசை பிரமாதம். ஆனா ஒம்பது இன்னிங்ஸ்ல கடலைக்காரர் கை ஏழாவதுலயே ஓஞ்சுடும். கடைசில வந்து பந்து வீசி ஆட்டத்த முடிக்க ஆளே இல்லையே?”

“யார் வேணா வரட்டும், நம்ம டீம்ல இருக்கானே, அந்த டோபின் மட்டும் வேண்டவே வேண்டாம்! ஞாயித்துக்கிழமை ஜெயிச்ச ஆட்டத்தத் தூக்கிக் கொடுத்தானே, தாடிக்காரன்... தண்ணி தூக்கக்கூட லாயக்கில்ல.”

அவன் மெல்லத் தாடையைத் தடவினான். அப்போதுதான் கவனித்தாள். கன்னத்தில் வெயில் படாத வெளுப்பு... புதிதாக மழித்த முகம்!

“அந்த டோபின் நான்தாங்க. காலைல கிளப்ல இருந்து அனுப்பிட்டாங்க. சாயங்காலம் ஊருக்கு பஸ். கடைசியா ஒரு தடவ ஜனங்களோட உக்காந்து பாக்கலாம்னு வந்தேன்.”

மன்னிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் பாழாய்ப்போன வீம்பு விட்டால்தானே! “டிக்கெட் வாங்கினவ பேசத்தான் செய்வா,” என்றது வாய்.

“நியாயந்தான்.”

எழுந்து படியிறங்கினான். மழை ஓய்ந்து, தார்ப்பாயைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்கள். போகட்டுமே, எனக்கென்ன... என்று நினைத்தவளுக்குக் கண்கள் நிறைந்தன. அவன் போனால் போனவன்தான் என்பது நெஞ்சில் சுருக்கென்று தைத்தது.

“டோபின்!”

கூட்டமே திரும்பியது. அவனும்.

“மிஸஸ் கண்டர்சனத் தூக்கிட்டுப் போனா எப்படி? எனக்கு ஒரு ஆள் தரணும் நீங்க.”

“யாரு வேணும்?”

“கடைசில பந்து வீச ஒருத்தர். நீங்க.”

“தண்ணி தூக்கக்கூட லாயக்கில்லாதவனா?”

“ஞாயித்துக்கிழமை தோத்து, எல்லாரும் போனப்புறம் மைதானத்துல தனியா நின்னீங்களே... அதப் பார்த்து அழுதேன். அந்த ஆத்திரத்துலதான் திட்டினேன். தப்புதான், மன்னிச்சுக்குங்க. இப்ப... உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. போகாதீங்க, டோபின்.”

அவன் படியேறி வந்து, அவளருகே உட்கார்ந்தான். காது நுனி சிவந்திருந்தது.

“பேரு அப்புறம் சொல்றேன்னேனே... அப்பவே மனசுல என் பேருதாங்க இருந்துச்சு. சொல்லத்தான் தைரியம் வரல.”